தப்புக் கணக்கு சொல்லும் சேதி

திரையும் கரும்பலகையும் – 9

செனாவாங் தொழிற்பேட்டையில், மின்னணுத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கும் தாய்மார்களுக்கு இது பழகிப்போன சங்கதி. கெட்டுப்போன ஒரு பாகத்தை வரிசையிலிருந்து எடுத்துப் போட்டால், அது குப்பைக்குப் போவதற்குள் அதன் கதை கணினிக்குள் போய்விடும். எந்த இயந்திரம், எத்தனை மணி, எந்தக் கட்டம், என்ன வகைக் கோளாறு என்று எல்லாம் பதிவாகும். ஒரு மாதத்துக் கோளாறுகளைக் குவித்துப் பார்த்து, தகராறு எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பதற்கே அங்கே பொறியாளர்கள் இருக்கிறார்கள். அதே தாயின் மகன் பள்ளியில், 3.27, 3.3 இரண்டில் எது பெரியது என்ற கேள்விக்கு 3.27 என்று எழுதினால்? சிவப்பு மையில் ஒரு கோடு. அதோடு முடிந்தது.

இந்த ஊருக்கு இந்த முரண் நன்றாகவே பொருந்தும். சிரம்பானுக்குத் தெற்கே இருக்கும் செனாவாங் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். பால்மரமும் லயமும் இருந்த நிலத்தில் இன்று தாமான்கள், தொழிற்சாலைகள், நெடுஞ்சாலை, கொம்யூட்டர் ரயில் நிலையம். செனாவாங் தோட்டத் தமிழ்ப்பள்ளி என்ற பெயரில் தோட்டம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகமே பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அப்படிப் பிறந்த தோட்டப் பள்ளிகளில் ஒரே வாத்தியார் பல வகுப்புகளை ஒன்றாக உட்காரவைத்துப் பாடம் நடத்தினார். ஏக்கத்தோடு திரும்பிப் பார்க்க அதில் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் ஒரே இடத்தில் நிற்பதில்லை என்பது அந்த வாத்தியாருக்குக் கண்கூடு. இன்றைய வகுப்பறையிலும் நிலைமை அதுதான்; 'ஆண்டு ஐந்து' என்ற பலகை அதை மறைத்துவிடுகிறது, அவ்வளவே.

இயங்கலைப் பாடங்கள் இந்த மறைப்பை விலக்குமா? பிள்ளை தட்டும் ஒவ்வொரு விடையையும் சேர்த்துவைத்து, குவியலுக்குள் தோண்டி, அடுத்து என்ன சொல்லிக்கொடுப்பது என்று முடிவுசெய்யும் வேலைக்குத் தரவு அகழ்வு என்று பெயர். அந்த முடிவின்படி ஆளுக்கு ஆள் பாதையை மாற்றிக்கொள்ளும் பாடம், தகவமைப்புப் பாடம். விளம்பரங்களில் இவை இரண்டும் மந்திரக்கோல்போல வருகின்றன. உள்ளே நடப்பது மந்திரம் அல்ல, நிதானமான கணக்கு.

அந்த 3.27க்கே வருவோம். அந்தப் பையன் கவனக்குறைவாக எழுதவில்லை. 27 என்பது 3ஐவிடப் பெரியது, ஆகவே 3.27தான் பெரியது என்று அவனுக்கு ஒரு சட்டம் இருக்கிறது. தப்பான சட்டம், ஆனால் அதை அவன் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறான். பக்கத்து மேசைப் பிள்ளையிடம் வேறொரு சட்டம். புள்ளிக்குப் பின் இலக்கம் கூடக்கூட எண் சின்னதாகிவிடும் என்று அவள் நினைக்கிறாள். அவள் 3.3 என்று எழுதுவாள். விடை சரி, முழு மதிப்பெண்! 4.45, 4.4 இரண்டையும் கொடுத்துக் கேட்டால்தான் குட்டு வெளிப்படும். மெல்பர்ன் பல்கலைக்கழகத்தின் கேய் ஸ்டேசியும் விக்கி ஸ்டைன்லியும் ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் விடைகளை வைத்து இந்தத் தசமக் குழப்பங்களை வகை பிரித்திருக்கிறார்கள். மதிப்பெண்ணை மட்டும் பார்க்கும் ஆசிரியருக்கு ஒருவன் மக்கு, ஒருத்தி கெட்டி. விடைகளின் வரிசையைப் பார்ப்பவருக்கு இருவருமே இடமதிப்பைப் புரிந்துகொள்ளாதவர்கள். இருவருக்கும் வேண்டிய மருந்து வேறு வேறு.

இந்த வரிசையைக் கணினி படிப்பதற்கு அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் கார்பெட், ஜான் ஆண்டர்சன் இருவரும் 1990களின் நடுவில் ஒரு வழி சொன்னார்கள். 'அறிவுத் தடம் பற்றுதல்' என்று அதைத் தமிழில் சொல்லலாம். ஒவ்வொரு திறனுக்கும் நான்கு எண்கள் போதும் என்றார்கள். பாடம் தொடங்குமுன்பே பிள்ளைக்கு அந்தத் திறன் தெரிந்திருக்க எவ்வளவு வாய்ப்பு? ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கும்போது கற்றுக்கொள்ள எவ்வளவு வாய்ப்பு? தெரியாமலே குருட்டாம்போக்கில் சரியாகச் சொல்லிவிட எவ்வளவு வாய்ப்பு? தெரிந்திருந்தும் கைதவறித் தப்பாக எழுத எவ்வளவு வாய்ப்பு? ஒவ்வொரு விடைக்குப் பிறகும் கணிப்பு ஏறும் அல்லது இறங்கும். 0.95ஐத் தாண்டினால் 'இவருக்கு இது வந்துவிட்டது' என்று கணினி அடுத்த திறனுக்கு நகரும். நல்ல ஆசிரியர் மனத்துக்குள் செய்யும் வேலைதான். நாற்பது பிள்ளைகளுக்கும் நூறு திறன்களுக்கும் ஒரே நேரத்தில் அதைச் செய்ய மனிதரால் ஆகாது.

அந்த நான்கு எண்கள் எங்கிருந்து கிடைக்கும்? முன்பு படித்துவிட்டுப் போன பிள்ளைகளின் விடைக் குவியலிலிருந்து. அகழ்வு தேவைப்படும் இடம் அதுதான். அதே பல்கலைக்கழகத்தில் ஹாவோ சென், கென் கோடிங்கர், பிரையன் ஜங்கர் மூவரும் 2007இல் வடிவியல் பாடத்தின் பழைய தரவை மீண்டும் ஆராய்ந்தார்கள். சில திறன்கள் ஏற்கெனவே பிள்ளைகளுக்கு வந்துவிட்டிருக்க, மென்பொருள் அவற்றையே திரும்பத் திரும்பப் போடவைத்துக்கொண்டிருந்தது. எண்களைத் திருத்தியமைத்தபோது மாணவர்கள் 12 விழுக்காடு குறைந்த நேரத்தில் அதே அளவு கற்றார்கள். டியூஷனுக்கு டியூஷன் பயிற்சிப் புத்தகங்களை அடுக்கித் தரும் நம்மூர் வழக்கத்தை நினைத்துப் பார்த்தால், மிச்சமாகும் நேரம் சின்ன விஷயமல்ல.

கூட்டம் பெரிதானால் குவியலும் பேச ஆரம்பிக்கும். 2011இல் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஆண்ட்ரூ இங், இயந்திரக் கற்றல் பாடத்தை இணையத்தில் எல்லாருக்கும் திறந்துவிட்டார். லட்சம் பேருக்கு மேல் சேர்ந்தார்கள். ஒரு பயிற்சியில் ஏறக்குறைய 2,000 பேர் ஒரே தப்பான விடையை அனுப்பியிருந்தார்கள். நூறு பேர் வகுப்பில் இரண்டு பேர் அப்படி எழுதினால் யார் கண்ணிலும் படாது. இரண்டாயிரம் பேர் ஒரே குழியில் விழுந்தால் குழி எங்கே என்று தெரிந்துவிடும். காரணத்தைத் தேடிப் பிடித்தார்கள். அதன் பிறகு அந்த விடையை அனுப்பியவருக்கு வெறும் 'தவறு' என்று வராமல், அவருடைய குழப்பத்தைச் சுட்டும் குறிப்பு வந்தது. 2014இல் எட்எக்ஸ் என்ற இயங்கலைப் பாடத் தளத்தின் 69 லட்சம் காணொளிப் பார்வைகளை அலசிய பிலிப் குவோ குழுவினர் கண்டது இன்னொன்று. காணொளி எவ்வளவு நீளமானாலும் பார்வையாளர் ஒன்றி உட்காரும் நேரம் பொதுவாக ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. ஒரு மணிநேர விரிவுரையை அப்படியே படம் பிடித்து ஏற்றிவிட்டு 'இயங்கலைக் கல்வி' என்று பெயர் வைக்கிறவர்கள் இதை இன்னும் கேள்விப்படவில்லை போலிருக்கிறது.

இதெல்லாம் வசதியான நாடுகளின் கதை. ஏழைப் பிள்ளைகளிடம் எடுபடுமா என்று கேட்கலாம். அதற்கான நேரான பதில் டெல்லியில் இருக்கிறது. இந்தத் தொடரில் வேறெந்த ஆய்வுக்கும் கொடுக்காத இடத்தை இதற்குக் கொடுப்பது தகும்.

அகமதாபாத்தில் 2001இல் தொடங்கப்பட்ட எஜுகேஷனல் இனிஷியேட்டிவ்ஸ் நிறுவனம் முதலில் செய்தது தேர்வு நடத்தும் வேலை. பிள்ளைகள் எங்கே தப்புகிறார்கள் என்பதைவிட, ஏன் தப்புகிறார்கள் என்பதில்தான் அவர்களுக்கு அக்கறை. பென்சிலின் முனை அளவுகோலின் சுழியத்தில் தொடங்காமல் 1இல் தொடங்கும் படத்தைக் காட்டி, நீளம் என்ன என்று கேட்டார்கள். பெருநகரங்களின் பேர்பெற்ற பள்ளிகளிலேயே பிள்ளைகள் பலர் பென்சில் முடியும் எண்ணை அப்படியே எழுதினார்கள். அளவுகோலைப் படிக்கத் தெரியும், நீளம் என்றால் என்னவென்று தெரியாது. இப்படிப் பல ஆண்டுகளாகச் சேர்ந்த தப்பு விடைகளின் மேல் கட்டப்பட்டதுதான் 'மைண்ட்ஸ்பார்க்' மென்பொருள். ஆய்வு நடந்த காலத்தில் அதில் 45,000க்கு மேற்பட்ட கேள்விகள் இருந்தன. பயனர்கள் எல்லாரும் சேர்ந்து நாளொன்றுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கேள்விகளுக்கு விடையளித்தார்கள்.

கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், அலெஹாந்த்ரோ கனிமியான் ஆகிய மூன்று பொருளியலாளர்கள் இதை 2015 செப்டம்பரிலிருந்து சோதித்தார்கள். அரசு நடுநிலைப் பள்ளிகளிலிருந்து 619 மாணவர்கள். குலுக்கல் முறையில் பாதிப்பேருக்கு மட்டும் டெல்லியின் மைண்ட்ஸ்பார்க் மையங்களில் இலவச இடம். வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்கு 90 நிமிடம். பாதி நேரம் கணினியில், மீதி நேரம் உதவி ஆசிரியரோடு சிறு குழுவில்.

முதல் சோதனையின் முடிவே தூக்கிவாரிப்போட்டது. ஆறாம் வகுப்புப் பிள்ளை சராசரியாகக் கணிதத்தில் இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தது. ஒன்பதாம் வகுப்பில் இடைவெளி நாலரை வகுப்பு. அதாவது பாடப்புத்தகம் ஒன்பதாம் வகுப்பு, பிள்ளை நிற்பது நாலாம் ஐந்தாம் வகுப்பில். அதைவிடக் கசப்பான செய்தி, இடம் கிடைக்காத பிள்ளைகளின் கணக்கில் இருந்தது. அவர்களில் கடைசி மூன்றில் ஒரு பங்கினர், பள்ளிக்குப் போய்வந்தும் அந்தக் காலத்தில் ஏறக்குறைய எதையும் புதிதாகக் கற்கவில்லை.

நாலரை மாதம் கழித்துச் சோதித்தபோது, குலுக்கலில் இடம் பெற்றவர்கள் கணிதத்தில் 0.37 நியமவிலக்கமும் இந்தியில் 0.23 நியமவிலக்கமும் மற்றவர்களைவிட முன்னேறியிருந்தார்கள். நூறு பேர் வரிசையில் நட்டநடுவே நிற்கும் பிள்ளை கணிதத்தில் பதினான்கு பேரைத் தாண்டிப்போனதற்குச் சமம் அது. வருகை ஒன்றும் பிரமாதம் இல்லை. சராசரி 58 விழுக்காடுதான். இருந்தும் இந்த விளைவு. நன்றாகப் படிப்பவர், நடுத்தரம், பின்தங்கியவர் என்று மூன்று தரப்பும் ஏறத்தாழ ஒரே அளவு ஏறியது. அமெரிக்கன் எகனாமிக் ரிவியூ இதழில் 2019இல் இது வெளிவந்தது.

இதில் பெற்றோர்கள் கவனிக்க வேண்டிய ஒரு சங்கடம் உண்டு. அதே பிள்ளைகளின் பள்ளிக் கணிதத் தேர்வு மதிப்பெண்ணில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை. காரணம் எளிது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு மென்பொருள் ஐந்தாம் வகுப்புப் பின்னத்தைச் சொல்லிக்கொடுத்தது. பள்ளித் தேர்வோ ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதத்தைக் கேட்டது. பிள்ளை உண்மையில் ஏறியிருக்கிறது, ரிப்போர்ட் கார்டு அதைக் காட்டவில்லை. 'ஏதோ கணினி வகுப்பாம், மார்க் கூடவே இல்லை' என்று நிறுத்திவிடும் பெற்றோரைக் குற்றம் சொல்லவும் முடியாது.

இனி மலேசியா. 2022ஆம் ஆண்டு பீசா என்ற பன்னாட்டுத் தேர்வில் மலேசியப் பதினைந்து வயதினரின் கணிதப் புள்ளி 409. அதற்கு முன்பு 2018இல் 440. அடிப்படை நிலையான இரண்டாம் படியையேனும் எட்டியவர்கள் 41 விழுக்காட்டினர்தான். பின்தங்கியிருப்பது டெல்லிப் பிள்ளை மட்டுமல்ல.

இங்கே கருவிக்குப் பஞ்சம் இருந்ததில்லை, பெரிய திட்டங்களுக்கும் பஞ்சமில்லை. 2011இல் தொடங்கிய ஒன் பெஸ்தாரிநெட் திட்டம் நாட்டின் பத்தாயிரம் பள்ளிகளுக்கு இணையத்தையும் ஃப்ராக் என்ற மெய்நிகர் கற்றல் தளத்தையும் கொண்டுவந்தது. மொத்த மதிப்பு சுமார் 400 கோடி ரிங்கிட் என்று பேசப்பட்டது. தலைமைக் கணக்காய்வாளர் 2013ஆம் ஆண்டு அறிக்கையில் சோதித்தபோது, ஆசிரியர், மாணவர், பெற்றோர் ஆகியோர் அந்தத் தளத்தைப் பயன்படுத்திய விகிதம் ஐந்து விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. 2019இல் திட்டம் முடிவுக்கு வந்தது. 2020 ஜூனில் கல்வி அமைச்சின் டெலிமா கற்றல் தளம் பிறந்தது. பிள்ளைகள் எல்லாருக்கும் டெலிமா அடையாளக் கணக்கு கிடைத்தது. எல்லாருக்கும் கருவி கிடைக்கவில்லை. அந்த ஆண்டு மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்த பிறகு கல்வி அமைச்சு எடுத்த கணக்கெடுப்பில் 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்தக் கருவியும் இல்லை. 46 விழுக்காட்டினர் கைப்பேசியை வைத்துச் சமாளித்தார்கள். தந்தையும் தாயும் வேலை முடிந்து வந்தால்தான் வீட்டில் கைப்பேசி இருக்கும் என்ற நிலையில், பிள்ளையின் தரவு இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் உருவாகும். 'இந்த மாணவருக்குப் படிப்பில் ஆர்வம் குறைவு' என்று மென்பொருள் அதற்கு அர்த்தம் சொன்னால், தப்பு மாணவருடையது அல்ல.

ஒன் பெஸ்தாரிநெட் திட்டத்தில் பொதுவெளியில் விவாதிக்கப்பட்ட தரவு எது என்று பார்த்தால், யார் எத்தனை முறை உள்ளே நுழைந்தார் என்பதுதான். யார் எந்தக் கணக்கில் எப்படித் தப்பினார் என்பது பேச்சிலேயே இல்லை. நுழைவுகளை எண்ணுவது வேறு, தப்புகளைப் படிப்பது வேறு. டெல்லியில் பலன் தந்தது பின்னது.

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு இதில் தனியாக ஒரு கணக்கு இருக்கிறது. நெகிரி செம்பிலானில் மட்டும் அறுபதுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள், நாடு முழுவதும் ஐந்நூறுக்கு மேல். அங்கே ஆறு ஆண்டுகள் பெரும்பாலும் தமிழில் கணிதம் படித்த பிள்ளை, படிவம் ஒன்றில் மலாய்மொழி வகுப்பறைக்குள் நுழைகிறது. மலாயில் போதிய தேர்ச்சி இல்லையென்றால் பெராலிஹான் என்ற புதுமுக வகுப்பில் ஓராண்டு. இப்போது அந்தப் பிள்ளை மலாயில் எழுதப்பட்ட ஒரு கணக்கில் தப்பினால், பிழை பெருக்கலிலா, 'ஹாசில் டாராப்' என்றால் பெருக்குத்தொகை என்று தெரியாததாலா? காகிதத் தேர்வில் இரண்டுக்கும் பூஜ்யம்தான். தகவமைப்புப் பாடத்தில் அதே கணக்கை வெறும் எண்களாக ஒருமுறை, தமிழ் வாக்கியமாக ஒருமுறை, மலாய் வாக்கியமாக ஒருமுறை கேட்டுப் பார்த்தால் விடை வரிசையே சொல்லிவிடும். எண்களில் சரி, தமிழில் சரி, மலாயில் மட்டும் தப்பு என்றால், அந்தப் பிள்ளைக்குக் கணித டியூஷன் வீண். மூன்றிலும் தப்பு என்றால் மலாயைக் குறை சொல்லிப் பயனில்லை. கார்பெட்டும் ஆண்டர்சனும் சொன்ன நான்கு எண்களோடு மொழியை ஐந்தாவதாகச் சேர்க்க வேண்டிய இடம் இது. வெளிநாட்டுச் செயலியைத் தமிழில் பெயர்த்துப் போட்டால் மட்டும் இது கிடைக்காது. அதன் நான்கு எண்களும் வேறு ஊர்ப் பிள்ளைகளின் தப்புகளிலிருந்து பிறந்தவை. இந்த ஊர்ப் பிள்ளைகளின் தப்புகள் சேர்ந்தால்தான் இந்த ஊருக்கான எண்கள் கிடைக்கும்.

பிள்ளைகளும் லேசுப்பட்டவர்கள் அல்லர். உதவிக் குறிப்பு கேட்கும் பொத்தானைத் தட்டிக்கொண்டே போனால் கடைசியில் விடையே வந்துவிடும் என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு ஐந்து நிமிடம் போதும். கார்னகி மெலனில் ரயன் பேக்கர் 2004இல் இதைத்தான் ஆராய்ந்தார். பாட நேரத்தில் அரட்டை அடிப்பது, தூங்குவது போன்ற எல்லாக் கவனச் சிதறல்களையும்விட, மென்பொருளை இப்படி ஏமாற்றும் பழக்கம்தான் கற்றல் குறைவோடு மிக இறுக்கமாகச் சேர்ந்திருந்தது. தட்டும் வேகம், தட்டலுக்கும் தட்டலுக்கும் உள்ள இடைவெளி ஆகியவற்றை வைத்து அதைக் கண்டுபிடிக்கும் வழிகளையும் அவர் குழு உருவாக்கியது. ஆசிரியர் அறையில் இல்லாமல் மென்பொருள் மட்டும் ஓடினால் போதும் என்று விற்பனையாளர் சொன்னால், இந்த ஆய்வை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

விற்பனையாளர் பேச்சுக்கு இன்னோர் எடுத்துக்காட்டு அமெரிக்காவின் நியூட்டன் நிறுவனம். ஆகாயத்திலிருந்து பாடம் சொல்லும் இயந்திர ஆசான் என்ற அளவுக்கு அதைப் புகழ்ந்தார்கள். முதலீட்டாளர்கள் 18 கோடி டாலருக்கு மேல் கொட்டினார்கள். 2019இல் வைலி பதிப்பகம் அதை வாங்கிய விலை இரண்டு கோடி டாலரைக்கூட எட்டவில்லை.

பணம் போனால் போகட்டும். பிள்ளைகளின் தப்புகள் அடங்கிய குவியல் யார் கையில் இருக்கிறது என்பதுதான் கடினமான கேள்வி. அமெரிக்காவில் பள்ளித் தரவையெல்லாம் ஒரே இடத்தில் சேர்க்கப் பத்துக் கோடி டாலரில் தொடங்கிய இன்ப்ளூம், பெற்றோர்களின் எதிர்ப்பால் 2014இல் மூடப்பட்டது. 2022இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 49 நாடுகளின் கல்விச் செயலிகளையும் தளங்களையும் சோதித்து, பத்தில் ஒன்பது வரை பிள்ளைகளின் தனியுரிமைக்கு ஊறு விளைவிக்கக்கூடியவை என்றது. இந்திய அரசின் தீக்‌ஷாவும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டுச் சட்டம் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களின் நடத்தையைக் கண்காணித்துப் பின்தொடரப் பொதுவாகத் தடை போடுகிறது. மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ மத்திய அரசையும் மாநில அரசுகளையும் கட்டுப்படுத்தாது. தனியார் செயலி விற்பவரைச் சட்டம் பிடிக்கும். அரசுத் தளத்தில் சேரும் குவியலுக்கு அந்தச் சட்டத்தின் காவல் இல்லை.

செனாவாங் வட்டாரத்துப் பள்ளி மேலாளர் வாரியங்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் அடுத்த முறை ஒரு கற்றல் செயலிக்குப் பணம் திரட்டும்போது, அழகான திரையையும் பரிசு நட்சத்திரங்களையும் பார்த்து மயங்க வேண்டாம். ஒரு பிள்ளை தப்பாக விடை சொன்னால் அடுத்த கேள்வி மாறுகிறதா என்று கேளுங்கள். மாறினால், எதை வைத்து மாறுகிறது என்று கேளுங்கள். வகுப்பில் எத்தனை பேருக்கு எந்தக் குழப்பம் என்ற பட்டியல் வாரந்தோறும் ஆசிரியர் கைக்கு வருமா, பிள்ளை பள்ளியை விட்டுப் போன பிறகு அதன் பதிவுகள் அழிக்கப்படுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். டெல்லியில் நாள்தோறும் 90 நிமிடம் நடந்த அந்தச் சோதனைக்கு ஒரு பிள்ளைக்கு மாதம் ஆன செலவு சுமார் 1,000 ரூபாய். அன்றைய மதிப்பில் அது 15 டாலர். இங்கே பல வீடுகள் ஒரு பாடத்துக்கான மாத டியூஷனுக்கே அந்த அளவு கொடுக்கின்றன.

(அடுத்த இதழில்: தமிழில் வாசித்துக் காட்டும் பிள்ளையின் குரலைக் கணினி திருத்த முடியுமா?)